ஊர் பீரா, பயணத்து பீரா: எதை எங்கே குடிப்பது, எதைக் கொண்டுவருவது

வெளிநாட்டுக்குப் போய்வரும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வருகிறது. புறப்படும் முன் கேட்பவர்கள், அங்கே எந்த பீரைத் தவறவிடக் கூடாது, திரும்பும்போது எதை வாங்கிவரலாம் என்று கேட்கிறார்கள். திரும்பி வந்தபின் கேட்பவர்கள், பிராகிலோ மியூனிக்கிலோ குடித்த அதே பெயரைச் சென்னையில் அதிக விலை கொடுத்து வாங்கினால் அந்தச் சுவை ஏன் வருவதில்லை, அப்படியானால் பேசாமல் நம் ஊர் பீரையே குடித்துவிடலாமா என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்திலிருந்து பிறக்கிறது என்பது என் முடிவு. பெயரைப் பார்க்கும் முன், அந்த பீர் ஆலையிலிருந்து கோப்பைக்கு வருவதற்குள் எத்தனை நாளையும் எவ்வளவு வெயிலையும் கடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இலேசான பீர் நெடும்பயணத்தைத் தாங்குவதில்லை; வலுவான, அடர்ந்த, பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்கிற பீர் தாங்குகிறது. தேர்வில் பாதி இந்த ஒரு வேறுபாட்டிலேயே முடிந்துவிடுகிறது.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதல் அளவுகோல் புதுமை. பீர், பால் கெடுவதைப்போல் ஒரே நாளில் திரிந்துபோவதில்லை, மெல்ல மங்குகிறது. முதலில் ஹாப்ஸ் பூவின் மணம் போகிறது, பிறகு மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) இனிப்பு தட்டையாகிறது, கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை எழுகிறது. பாட்டிலுக்குள் எஞ்சிய பிராணவாயு செய்யும் வேலை இது. வெப்பம் இதை விரைவுபடுத்துகிறது. வெளிச்சம் செய்யும் கேடு வேறு வகையானது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் ஒளிபட்டுச் சிதைந்து கந்தகச் சேர்மம் ஒன்றை உண்டாக்குகின்றன. பச்சை பாட்டிலிலும் நிறமற்ற பாட்டிலிலும் வரும் பீரில் சிலர் உணரும் அந்த விரும்பத்தகாத நெடி அதுதான். பழுப்பு பாட்டில் ஒளியைப் பெருமளவு தடுக்கிறது; கேன் முழுவதும் தடுக்கிறது. ஆகவே ஒரே பெயர் கேனிலும் பச்சை பாட்டிலிலும் கிடைக்கும் இடத்தில் நான் தயங்காமல் கேனை எடுக்கிறேன்.

இரண்டாவது அளவுகோல் ஒரு பாட்டிலில் உள்ள தூய ஆல்கஹாலின் எடை. முகப்புச்சீட்டில் அச்சிட்ட விழுக்காடு மட்டும் போதாது. அளவோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். 650 மி.லி. கொள்ளும் 8 விழுக்காட்டு பாட்டில் ஒன்றில் ஏறத்தாழ 41 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. வலுவானது என்று பெயர்பெற்ற 9.5 விழுக்காட்டு பெல்ஜிய பீரின் 330 மி.லி. பாட்டிலில் இருப்பது ஏறத்தாழ 25 கிராம்தான். "ஒரு பீர்தான் குடித்தேன்" என்ற பேச்சுக்கு ஊருக்கு ஊர் பொருள் மாறுவது இதனால்தான்.

மூன்றாவது, சாப்பாட்டோடு பொருந்துவது. நம் மேசையில் மிளகும் மிளகாயும் இல்லாத நாள் குறைவு. கடுங்கசப்பும் மிகுந்த ஆல்கஹாலும் காரத்தின் எரிச்சலைக் கூட்டுகின்றன. மால்ட்டின் இனிப்பும் மென்மையான உடலும் (வாயில் உணரும் அடர்த்தியும்) அதைத் தணிக்கின்றன. ஐரோப்பாவில் வெறும் பன்றி வறுவலோடும் பாலாடைக்கட்டியோடும் நன்றாக இருந்த பீர், இங்கே நாட்டுக்கோழி மிளகு வறுவலுக்கு முன் தோற்றுப்போவது உண்டு.

நான்காவது, மொத்தச் செலவு. பாட்டில் விலையோடு வரி, விடுதியின் கூடுதல் கட்டணம், திரும்பி வரும் வாடகை வண்டி ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இந்தியாவில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் 100 மி.லி.க்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது; செக் நாட்டில் ஓட்டுநருக்கு ஒரு துளியும் அனுமதி இல்லை. இரண்டு இடங்களிலும் பீர் குடிக்கும் மாலையில் வண்டியை வீட்டில் விட்டுவருவது செலவின் ஒரு பகுதி. சட்டம் அனுமதிக்கும் வயதும் ஊருக்கு ஊர் வேறு. தமிழ்நாட்டில் அது 21.

## நம் ஊர் லாகர்

கிங்ஃபிஷரைத் தாழ்த்திப் பேசுவது, பயணம் போய்வந்தவர்களிடம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றில் நம் மலையும் உண்டு: 1857-இல் நீலகிரியில் தொடங்கிய காசில் ஆலையும் தென்னிந்தியாவின் வேறு சில ஆலைகளும் 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்பவரால் யுனைடெட் ப்ரூவரீஸ் என்ற ஒரே நிறுவனமாக ஒன்றிணைக்கப்பட்டன. விட்டல் மல்லையாவின் காலத்தில் அது இந்தியர் கைக்கு வந்தது. 2021-இல் ஹைனெக்கன் அதன் கட்டுப்பாட்டைப் பெற்றது.

சுவையைப் பொறுத்தவரை, 5 விழுக்காட்டுக்குள் அடங்கும் சாதாரண லாகர் (குளிரில் மெதுவாக நொதிக்கவைக்கும் பீர்), இலேசான இனிப்பும் மிகக் குறைந்த கசப்பும் கொண்டது. ஆராய்ந்து பருகும்படியான மணம் அதில் இல்லை. ஆனால் மே மாத மாலையில் வஞ்சிர வறுவலோடும் எலுமிச்சை பிழிந்த வெங்காயத்தோடும் நன்கு குளிர்ந்த லாகர் செய்யும் வேலையை, விமானத்தில் வந்த எந்த பீரும் அதைவிட நன்றாகச் செய்வதில்லை. அது மணத்தோடு போட்டியிடாமல் வாயைக் கழுவி அடுத்த கவளத்துக்கு இடம் செய்கிறது. அத்தோடு, தயாரான தேதி பாட்டிலிலேயே அச்சாகியிருக்கிறது. அதைப் படித்து, சில வாரங்களுக்குள் தயாரானதை எடுப்பவர், இறக்குமதிப் பிரிவில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலை எடுப்பவரைவிட நல்ல பீரைக் குடிக்கிறார்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, கிடங்கிலும் லாரியிலும் படும் வெப்பம். 40 பாகை செல்சியஸைத் தொடும் கோடையில், கடையில் "கூலிங்" கேட்டு வாங்கும் பாட்டில் அதற்கு முன் எத்தனை நாள் வெந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. வாங்கியபின் குளிர வைப்பது அந்தச் சேதத்தைச் சரிசெய்யாது. நாக்கை மரக்கச்செய்து மறைக்க மட்டுமே செய்யும். மற்றொன்று, ஸ்ட்ராங் வகை. இந்தியத் தர விதிகள் பீருக்கு 8 விழுக்காடு வரை அனுமதிக்கின்றன, கடைகளில் பெரும்பான்மையான இடத்தை அந்த வகையே பிடித்துக்கொண்டிருக்கிறது. சுவைக்காக ஒருவர் ஸ்ட்ராங் பீரைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. அந்த வலு மால்ட்டின் அடர்த்தியால் வருவதில்லை. சர்க்கரையும் அரிசியும் மக்காச்சோளமும் போன்ற துணைப்பொருள்களே பெரும்பாலும் அதைத் தருகின்றன. அதனால் உடல் மெலிந்தும் சூடு மிகுந்தும் நிற்கிறது. மைல்டு கேட்டால் "இல்லை" என்ற பதிலே பல கடைகளில் கிடைக்கும் என்பது உண்மை. ஆயினும் கேட்க வேண்டும், கேட்பவர் கூடினால்தான் கடையில் அது வரும்.

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக்கின் கையில் இருப்பதால் கடைக்குக் கடை விலைப்போட்டி இல்லை. பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரையே கடை திறந்திருக்கும்; திருவள்ளுவர் நாள், காந்தி பிறந்தநாள் போன்ற நாள்களில் திறக்காது. விருந்தாளி வரும் நாளைத் திட்டமிடுபவர் நாள்காட்டியைப் பார்த்துவிடுவது நல்லது.

## பெங்களூரு, புதுச்சேரியின் சிறு ஆலைகள்

உணவகத்தோடு சேர்ந்த சிறு பீர் ஆலைகள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெங்களூருவை மாற்றிவிட்டன. டோய்ட், ஆர்பர் போன்ற இடங்களில் தொட்டிக்கும் கோப்பைக்கும் இடையே சில மீட்டர் தூரம்தான். நான் சொன்ன முதல் அளவுகோலில் இவை ஐரோப்பாவின் எந்த நல்ல ஆலைக்கும் சமமாக நிற்கின்றன. புதுச்சேரியிலும் இந்த வகை முளைத்திருக்கிறது. கோதுமை பீரைப் பொறுத்தவரை, வெளிநாட்டிலிருந்து கடலில் வந்த பாட்டிலைவிட பெங்களூருவில் நேற்று திறந்த தொட்டியிலிருந்து வருவது மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

குறை என்னவென்றால், தரம் ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு தடவை கிராம்பு மணம் தெளிவாக இருக்கும். அடுத்த முறை ஈஸ்ட் அவசரமாக இறக்கப்பட்டதுபோல் வெண்ணெய் வாடை மிதக்கும். முதலில் சிறு மாதிரிக் கோப்பை கேட்டுச் சுவைத்துவிட்டு அரை லிட்டர் சொல்வது இங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம், கூச்சப்பட வேண்டியதில்லை. சென்னையிலிருந்து இதற்காகவே போவதாக இருந்தால் ரயில் கட்டணமும் தங்குமிடமும் சேர்ந்து ஒரு கோப்பையின் விலை பன்மடங்காகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேறு வேலையாகப் போகிறவருக்கு இதுவே நாட்டுக்குள் கிடைக்கும் முதல் தேர்வு. புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கிறது என்று பாட்டில்களைக் காரில் அடுக்கித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மட்டும் வேண்டாம். மாநில எல்லைச் சோதனையில் அது குற்றம்.

## இலங்கையின் லயன் ஸ்டவுட்

பயணத்து பீர்களில் நம் சாப்பாட்டுக்கு மிக அருகில் நிற்பது எதுவென்று கேட்டால், ஐரோப்பாவைத் தேடிப் போகாமல் பாக் நீரிணையின் மறுகரையைத்தான் காட்டுவேன். 1881 முதல் தன் மரபைக் கணக்கிடும் லயன் ஆலை, குளிர்ந்த மலைநகரான நுவரெலியாவில் வளர்ந்தது. இன்று கொழும்பை அடுத்த பியகமவில் இயங்குகிறது. அதன் லாகர் சுத்தமானது, ஆனால் நம்முடையதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. ஸ்டவுட் என்ற கறுப்பு பீர்தான் தனித்த பொருள்.

8.8 விழுக்காடு என்ற எண் அச்சுறுத்தலாம். பருகினால் தெரிவது வறுத்த மால்ட்டின் காப்பிக்கொட்டைக் கசப்பும், கருப்பட்டியை நினைவூட்டும் இனிப்பும், கனமான உடலும். இத்தகைய வலுவான கறுப்பு பீர் வெப்ப நாடுகளில் நிலைத்ததற்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருந்து காலனி நாடுகளுக்குக் கப்பலில் போன பீர்களில் வலுவான ஸ்டவுட் ஒரு முக்கிய வகை. கப்பல் வரத்து குறைந்தபின் அந்தந்த நாட்டு ஆலைகளே அந்தச் சுவையைத் தொடர்ந்தன. இலங்கையில் லயன், ஜமைக்காவில் டிராகன், நைஜீரியாவிலும் மலேசியாவிலும் கின்னஸின் வலுவான வடிவம் என்று அந்த வழி இன்றும் தெரிகிறது. அயர்லாந்துக்குப் போய்வந்தவர்கள் டப்ளினில் குடித்த கின்னஸோடு இதை ஒப்பிட்டு ஏமாறுவது உண்டு. அங்கே குழாயிலிருந்து வருவது 4.2 விழுக்காடும் நைட்ரஜன் நுரையும் கொண்ட இலேசான பானம். லயன் வேறொரு கிளை.

நம் மேசையில் இதன் இடம் தெளிவானது. மட்டன் சுக்கா, ஈரல் மிளகு வறுவல், யாழ்ப்பாணத்து நண்டுக் கறி ஆகியவற்றின் காரத்தையும் வறுத்த மல்லியின் வாசத்தையும் இந்த இனிப்பு தாங்கிப் பிடிக்கிறது. மிகக் குளிர வைக்கக் கூடாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் வைத்தால் கொக்கோவும் உலர்திராட்சையும் மேலெழும். வலுவும் கறுப்பு மால்ட்டும் சேர்ந்து பயணத்தையும் தாங்கச் செய்வதால், கொண்டுவருவதற்கும் ஏற்றது. மறைந்த செலவு நாள்காட்டியில் இருக்கிறது: இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமிப் போயா நாளிலும் மது விற்பனை இல்லை. மூன்று நாள் பயணத்தின் நடுவில் போயா வந்தால் முதல் நாளே வாங்கிவிட வேண்டும்.

## சிங்கப்பூரின் டைகர்

1932-இல் ஹைனெக்கனும் ஃப்ரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய ஆலையின் பீர் இது. சாப்பாட்டுக் கூடத்தில் வியர்வையோடு உட்கார்ந்து, பனிக்கட்டித் துண்டுகளின் நடுவே வந்த பெரிய பாட்டிலை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும்போது இது மகிழ்ச்சியான பீர். பெட்டியில் கொண்டுவரத் தேவையில்லாத பீரும் இதுவே, ஏனெனில் நம் ஊர் லாகரிடமிருந்து இதைப் பிரிக்கும் இடைவெளி சிறியது.

விலையைக் கண்டு திகைப்பவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளலாம். சிங்கப்பூரில் பீரில் உள்ள ஒவ்வொரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கும் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வை, 330 மி.லி. அளவுள்ள 5 விழுக்காட்டு கேன் ஒன்றில் ஏறத்தாழ ஒரு வெள்ளி வரியாகவே போய்விடுகிறது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடையில் வாங்கவும் முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. லிட்டில் இந்தியா பகுதியில் வார இறுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை.

## பில்சென் நகரின் பொன்னிற பீர்

இங்கே நான் சற்று நின்று பேச வேண்டும். இன்று உலகில் விற்கும் பீரில் மிகப்பெரும் பகுதி எதன் வழிவந்ததோ, அந்த மூலம் செக் நாட்டின் பில்சென் நகரில் இருக்கிறது. நகரத்தார் தங்கள் பீரின் தரத்தில் மனம் வெறுத்துப் புதிய ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்ற வல்லுநரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5 அன்று அவர் வடித்த முதல் தொகுதிதான் பில்ஸ்னர் உர்க்வெல்லின் தொடக்கம். வெளிறிய மால்ட், உப்புகள் மிகக் குறைந்த அந்த ஊரின் மென்னீர், ஸாஸ் வகை ஹாப்ஸ், குளிரில் மெதுவாக நொதிக்கும் ஈஸ்ட் ஆகிய நான்கும் அங்கே ஒன்றுசேர்ந்தன. நம் ஊர் லாகரும் டைகரும் தூரத்து உறவாக அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

4.4 விழுக்காடு மட்டுமே கொண்ட ஒரு பீரில் இவ்வளவு செறிவு எப்படி வருகிறது என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. மால்ட்டுக் கூழின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி சேர்க்கும் வேலையை மும்முறை செய்கிறார்கள். வெந்த ரொட்டியின் மேலோட்டைப்போன்ற சுவை அதிலிருந்து வருகிறது. அதன் மேல் புல்லும் மசாலாவும் கலந்த ஸாஸ் ஹாப்ஸின் கசப்பு உறுதியாக நிற்கிறது. அந்தக் கசப்பு நம்மில் பலருக்கு முதல் கோப்பையில் உறுத்தும், இரண்டாவதில் பிடிபடும்.

ஆனால் இந்த பீரின் உயிர் அதன் புதுமையில் இருக்கிறது. செக் நாட்டின் சிறந்த மதுக்கூடங்கள் சூடேற்றிப் பதப்படுத்தாத பீரை ஆலையிலிருந்து நேரே தொட்டியில் வாங்குகின்றன. தொட்டியைத் திறந்தால் சில நாள்களுக்குள் தீர்த்துவிடுகிறார்கள். பில்சென் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனால், நிலவறையில் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீரை நேரே பிடித்துத் தருகிறார்கள். ஊற்றும் முறைக்கும் அங்கே பெயர்கள் உண்டு: மூன்று விரல் அளவு ஈர நுரையோடு வருவது ஹ்லடிங்கா, கோப்பை முழுக்கப் பால்போன்ற இனிப்பு நுரையாக வருவது ம்லீகோ. நுரை பீரைக் காற்றிலிருந்து காக்கும் மூடி. நுரை கூடினால் ஏமாற்று என்று எண்ணும் நம் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும்.

இதே பீரைச் சென்னைக்கு பாட்டிலில் கொண்டுவந்து குடித்தால் ஸாஸின் மணம் பாதி போயிருக்கும், மால்ட் தேன்போல் கனத்திருக்கும். ஆகவே என் பரிந்துரை: செக் நாட்டுக்குப் போனால் பயணத்தின் ஒரு முழு மாலையை இதற்கு ஒதுக்குங்கள், பெட்டியில் இடம் ஒதுக்காதீர்கள். பிராகின் நடுச்சதுக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான மேசையில் உட்கார்ந்தால் விலை வெகுவாக உயரும். இரண்டு தெரு தள்ளி, தொட்டி பீர் உண்டு என்று பலகை வைத்த கூடம் எப்போதும் மேல்.

## பவேரியாவின் கோதுமை பீர்

1516-இல் பவேரியப் பிரபு வில்ஹெல்ம் பிறப்பித்த தூய்மைச் சட்டம், நீர், பார்லி, ஹாப்ஸ் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஆயினும் கோதுமை பீர் வடிக்கும் உரிமையை அரச குடும்பம் தனக்கென்று நெடுங்காலம் வைத்துக்கொண்டது. 1872-இல் கியோர்க் ஷ்னைடர் அந்த உரிமையைப் பெற்ற பிறகே அது தனியார் ஆலைகளுக்குத் தடையின்றித் திறந்தது.

தமிழ் நாக்குக்கு முதல் கோப்பையிலேயே பிடித்துப்போகும் ஐரோப்பிய பீர் இதுதான் என்பது, பலரைப் பார்த்து நான் அறிந்தது. இதன் ஈஸ்ட் நொதிக்கும்போது வாழைப்பழத்தின் மணத்தையும் கிராம்பின் மணத்தையும் தானே உண்டாக்குகிறது; இரண்டும் நம் வீட்டில் என்றும் இருக்கும் மணங்கள். கசப்பு மிகக் குறைவு. ஃப்ரைசிங் நகரில், 1040 முதல் தன் மரபைக் கணக்கிடும், பவேரிய அரசுக்குச் சொந்தமான வைஹென்ஸ்டெஃபான் ஆலையின் கோதுமை பீர் (5.4 விழுக்காடு) இந்த வகையை அறியத் தகுந்த தொடக்கம். பிரியாணிக்கும் மீன் குழம்புக்கும் இதைவிட நன்றாகப் பொருந்தும் வெளிநாட்டு பீரை நான் அறியேன்.

ஈஸ்ட் பாட்டிலின் அடியில் தங்கியிருப்பதால் லாகரைவிடச் சற்றுக் கூடுதலாகப் பயணம் தாங்கும். ஆனால் வாழைப்பழ மணம் சில மாதங்களில் மெலிந்துவிடுகிறது. கண்ணாடிக் கோப்பையைத் தண்ணீரில் நனைத்துச் சாய்த்துப் பிடித்து ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவை பாட்டிலோடு சுழற்றிச் சேர்க்க வேண்டும். ஜெர்மனியில் கடையில் வாங்கும்போது சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கேனுக்கு 25 சென்ட் முன்வைப்பு கட்ட வேண்டும். கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்பி வரும். நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் தொடங்கிய 10 ரூபாய் பாட்டில் திட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

## பெல்ஜியத்தின் மடாலய பீர்

பெட்டியில் இடம் கொடுக்கத் தகுந்தவை இவை. டிராப்பிஸ்ட் (ஒரு கத்தோலிக்கத் துறவியர் சபை) என்ற அறுகோண முத்திரையைத் தாங்கும் பீர், மடத்தின் எல்லைக்குள், துறவியரின் மேற்பார்வையில் வடிக்கப்பட்டிருக்க வேண்டும்; வருவாய் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். வெஸ்ட்மால், ஓர்வால், ரோஷ்ஃபோர், ஷிமே, வெஸ்ட்ஃபிளேட்டரன் ஆகியவை பெல்ஜியத்தில் அந்த முத்திரையோடு நிற்பவை. பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இவற்றைத் தனித்துக் காட்டுவது பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதித்தல். மூடும் முன் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்க்கிறார்கள். அந்த ஈஸ்ட் பாட்டிலில் எஞ்சிய பிராணவாயுவை உண்டுவிடுகிறது. மிகுந்த ஆல்கஹாலும் அதற்குத் துணை நிற்கிறது. எனவே மற்ற பீர்கள் மங்கும் காலத்தில் இவற்றில் சில முதிர்கின்றன.

வெஸ்ட்மால் டிரிபெல் (9.5 விழுக்காடு) பொன்னிறம், உலர்ந்த முடிவு, ஆரஞ்சுத் தோலும் வெள்ளை மிளகும் கலந்த மணம், 1934-இல் வெளிவந்து ஒரு வகைக்கே முன்மாதிரி ஆனது. ரோஷ்ஃபோர் 10 (11.3 விழுக்காடு) பழுப்பு நிறம், அத்திப்பழம், பேரீச்சை, கருப்பட்டி, உணவுக்குப் பின் இருவர் ஒரு பாட்டிலைப் பகிர்ந்தால் போதும். ஓர்வால் (6.2 விழுக்காடு) இவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது. காட்டு ஈஸ்ட் வகை ஒன்று பாட்டிலுக்குள் மாதக்கணக்கில் வேலை செய்வதால், புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ் மணத்தோடும், ஆறு மாதம் கழித்துப் பதனிட்ட தோலும் உலர்ந்த புல்லும் சேர்ந்த மணத்தோடும், இன்னும் பின்னால் மிக உலர்ந்தும் வருகிறது. நம் காரச் சாப்பாட்டோடு இதைக் குடிப்பது வீண். தனியாகவோ, உப்பிட்ட முந்திரியோடோ போதும்.

எச்சரிக்கை வலுவைப் பற்றியது. இவை இனிமையாக இறங்குவதால், மைல்டு லாகர் குடிக்கும் வேகத்தில் குடிப்பவர் மேசையை விட்டு எழும்போதுதான் அளவை உணர்கிறார். விலையில் இன்னொரு பொறியும் உண்டு. வெஸ்ட்ஃபிளேட்டரனை மடம் தானே அளவோடு விற்கிறது. அதைப் பிரஸ்ஸல்ஸ் நினைவுப்பொருள் கடைகளில் பன்மடங்கு விலைக்கு அடுக்கிவைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தில் பேரங்காடி ஒன்றில் ரோஷ்ஃபோர் பல பாட்டில் வாங்கலாம். சுவையின் இடைவெளி அந்த விலை வேறுபாட்டுக்குத் தகுந்ததல்ல.

## வெளிநாட்டுப் பெயர், உள்நாட்டுத் தயாரிப்பு

பட்வைசர், கார்ல்ஸ்பெர்க், டூபோர்க், ஹைனெக்கன் ஆகியவை இந்தியாவிலேயே வடிக்கப்படுகின்றன. இவற்றைக் குடிப்பதில் தவறில்லை. புதுமையின் அளவுகோலில் கடல் கடந்து வந்தவற்றைவிட இவை மேலாகவே இருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் குடித்ததைத் தேடி இவற்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் பாட்டிலின் பின்புறத்தில் தயாரித்த ஊரைப் படிக்க வேண்டும். உண்மையான இறக்குமதி சென்னையில் டாஸ்மாக்கின் எலைட் கடைகளிலும் நட்சத்திர விடுதிகளிலும் கிடைக்கிறது. அங்கே லாகரை விட்டுவிட்டு பெல்ஜிய வகைகளைப் பார்ப்பதும், கெடுதேதிக்கு இன்னும் பாதிக் காலமாவது இருக்கிறதா என்று பார்ப்பதும் பணத்தைக் காக்கும்.

## ஒரே பார்வையில்

| பீர் | விழுக்காடு | வழக்கமான அளவு | தூய ஆல்கஹால் (சுமார்) | எங்கே குடிப்பது |
|---|---|---|---|---|
| நம் ஊர் மைல்டு லாகர் | 5-க்குள் | 650 மி.லி. | 25 கிராம் | வீட்டில், மீன் வறுவலோடு |
| நம் ஊர் ஸ்ட்ராங் | 8 வரை | 650 மி.லி. | 41 கிராம் | தவிர்க்கலாம் |
| லயன் ஸ்டவுட் | 8.8 | 330 மி.லி. | 23 கிராம் | அங்கேயும் இங்கேயும் |
| டைகர் | 5 | 330 மி.லி. | 13 கிராம் | அங்கே மட்டும் |
| பில்ஸ்னர் உர்க்வெல் | 4.4 | 500 மி.லி. | 17 கிராம் | அங்கே மட்டும், தொட்டியிலிருந்து |
| வைஹென்ஸ்டெஃபான் கோதுமை | 5.4 | 500 மி.லி. | 21 கிராம் | அங்கே. இங்கே புதிதாகக் கிடைத்தால் |
| ஓர்வால் | 6.2 | 330 மி.லி. | 16 கிராம் | பெட்டியில் கொண்டுவந்து |
| வெஸ்ட்மால் டிரிபெல் | 9.5 | 330 மி.லி. | 25 கிராம் | பெட்டியில் கொண்டுவந்து |
| ரோஷ்ஃபோர் 10 | 11.3 | 330 மி.லி. | 29 கிராம் | பெட்டியில் கொண்டுவந்து, பகிர்ந்து |

## இரண்டு லிட்டரை எப்படிச் செலவிடுவது

இந்தியாவுக்குத் திரும்பும் பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். விஸ்கி, ஒயின், பீர் எல்லாம் சேர்ந்தே இந்தக் கணக்கு. 330 மி.லி. பாட்டில் ஆறு எடுத்தால் 1.98 லிட்டர், எல்லைக்குள் சரியாக அடங்கும். பணத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இடத்தில் விஸ்கியே இலாபம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இங்கே எளிதில் கிடைக்காத சுவையை வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்ட விரும்புகிறவருக்கே பீர்.

பெல்ஜியம் வழியாக வருபவர் வெஸ்ட்மால் இரண்டு, ரோஷ்ஃபோர் இரண்டு, ஓர்வால் இரண்டு என்று எடுப்பது என் பரிந்துரை. கொழும்பிலிருந்து வருபவர் ஆறையும் ஸ்டவுட்டாகவே எடுக்கலாம். 24 விழுக்காட்டுக்கு உட்பட்ட மது என்பதால் சரக்குப் பெட்டியில் வைக்க விமானப் பாதுகாப்பு விதிகளில் தடையில்லை. கைப்பையில் 100 மி.லி. விதி குறுக்கிடும். ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, தடித்த துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வைக்க வேண்டும். ஆறு நிறைந்த கண்ணாடி பாட்டில்கள் மூன்று கிலோவுக்கு மேல் எடை பிடிக்கும் என்பதால், மலிவு விமானத்தில் வருபவர் எடைக் கட்டணத்தையும் பாட்டில் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

வீடு வந்ததும் உடனே திறக்காமல், ஈஸ்ட் அடியில் படியும்படி ஒரு வாரம் நிமிர்த்தி, இருட்டில் வைக்க வேண்டும். நம் வெயிலில் அலமாரி போதாது. குளிர்ப்பெட்டியின் கதவுப்பக்கத்துக்கு மேலான இடம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. குடிக்கும் நாளில் முன்னதாக எடுத்து 10 முதல் 12 பாகை செல்சியஸ் வரை ஏறவிட்டு, வாய் அகன்ற கண்ணாடியில், அடியில் உள்ள ஈஸ்டை பாட்டிலிலேயே நிறுத்தி ஊற்றலாம். ஓர்வால் இரண்டில் ஒன்றை அந்த மாதமே திறந்துவிட்டு, மற்றொன்றை அடைத்த தேதியிலிருந்து ஓராண்டு ஆகும்வரை வைத்திருந்து திறந்தால், ஒரே பீர் இரண்டு பீராக இருப்பதை ஒரே பயணச் செலவில் அறியலாம்.